'நாம்' என்னும் சொல்லின் அங்கதம்: ராம்ஸ்டைன் குழுவின் 'அமெரிக்கா' பாடலில் பண்பாட்டு உலகமயமாக்கல்

ஆய்வுச் சுருக்கம்

ஜெர்மனியைச் சேர்ந்த ராம்ஸ்டைன் என்னும் மெட்டல் இசைக்குழு 2004ஆம் ஆண்டு வெளியிட்ட 'அமெரிக்கா' பாடல், அமெரிக்க எதிர்ப்புப் பாடலாகவே பெரிதும் அறியப்பட்டுள்ளது. அப்பாடலின் அங்கதம் அமெரிக்கா என்ற நாட்டைக் காட்டிலும், 'நாம்' என்று சொல்லித் தம்மையும் சேர்த்துக்கொள்ளும் பாடுநரையும் கேட்போரையும் நோக்கியே செல்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இதற்குக் கிழக்கு ஜெர்மனியின் இசை வரலாறு, பாடலின் மொழியமைப்பு, காணொளிக் காட்சிகள் ஆகியன சான்றுகளாகின்றன. தொல்காப்பியம் வகுக்கும் அங்கத வகைகளும், தமிழில் அமைந்துள்ள தன்மைப் பன்மைப் பாகுபாடும் ஆய்வுக் கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அங்கதம், பண்பாட்டு உலகமயமாக்கல், ஜெர்மானிய மெட்டல் இசை, ராம்ஸ்டைன், தன்மைப் பன்மை, மொழிபெயர்ப்பு.

1. முன்னுரை

ஒரு நாட்டின் உணவும் உடையும் இசையும் திரைப்படமும் எல்லை கடந்து பிற சமூகங்களின் அன்றாட வாழ்வில் இடம்பெறுவதைப் பண்பாட்டு உலகமயமாக்கல் என்பர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இப்பரவல் அமெரிக்காவிலிருந்து புறப்படுவதாகவே பெரும்பாலும் உணரப்பட்டது. ஆஸ்திரிய வரலாற்றாய்வாளர் ரைன்ஹோல்ட் வாக்னலைட்னர் 1991இல் வெளியிட்ட தம் நூலின் தலைப்பில், 'கோக்கா-கோலா' என்னும் பெயரையும் 'குடியேற்றம்' என்னும் சொல்லையும் ஒன்றாகப் பிணைத்த ஒரு கூட்டுச்சொல்லைக் கையாண்டார். பண்பாட்டின் வருகையைக் குடியேற்ற ஆதிக்கத்தோடு ஒப்பிடும் இப்பார்வையே ஐரோப்பாவில் எழுந்த பல கண்டனங்களுக்கு அடிப்படையாக அமைந்தது.

தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாகப் பகுக்கிறது. பழிப்பை வெளிப்படையாகக் கூறுவது முன்னது. மறைத்துக் கூறுவது பின்னது. அதியமானின் தூதராகச் சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் புகழ்வதுபோல் அமைந்த புறநானூற்று 95ஆம் பாடல் மறைமுக இகழ்ச்சிக்கு நன்கறியப்பட்ட சான்று. அங்கே இகழ்பவர் ஓர் அணியிலும் இகழப்படுபவர் எதிரணியிலும் நிற்கின்றனர். இகழ்பவரே இகழப்படும் கூட்டத்திற்குள் நின்றால் அங்கதம் எவ்வாறு இயங்கும் என்ற வினாவை 'அமெரிக்கா' பாடல் எழுப்புகிறது. அவ்வினாவே இக்கட்டுரையின் மையமாகும்.

2. பிளவுபட்ட ஜெர்மனியில் அமெரிக்க இசை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியில் அமெரிக்கப் படைகள் நிலைகொண்டன. அப்படையினருக்கான வானொலி ஒலிபரப்பை ஜெர்மானிய இளைஞர்களும் கேட்டனர். 1958 முதல் 1960 வரை எல்விஸ் பிரெஸ்லி அங்கு இராணுவப் பணியாற்றினார். இச்சூழலில் வளர்ந்த ராக் இசையும் அதன்வழி வந்த மெட்டல் இசையும் ஆங்கிலத்தையே பாட்டுமொழியாகக் கொண்டன. ஹானோவர் நகரத்தின் ஸ்கார்பியன்ஸ், சோலிங்கனின் அக்செப்ட், ஹாம்பர்க்கின் ஹெலோவீன், எஸ்ஸனின் கிரியேட்டர் ஆகிய குழுக்கள் யாவும் ஆங்கிலத்தில் பாடியே உலகச் சந்தையை அடைந்தன. பனிப்போரின் முடிவைக் குறிக்கும் பாடலாகப் புகழ்பெற்ற ஸ்கார்பியன்ஸின் 'விண்ட் ஆஃப் சேஞ்ச்' பாடலும் ஆங்கிலப் பாடலே. தம் நாட்டின் மாபெரும் வரலாற்றுத் திருப்பத்தையும் ஜெர்மானியர் பிறமொழியில் பாடினர் என்பது இங்கு நோக்கத்தக்கது.

கிழக்கு ஜெர்மனியின் நிலை வேறு. பொது நிகழ்ச்சிகளில் இசைக்கப்படும் பாடல்களில் குறைந்தது 60 விழுக்காடு சோசலிச நாடுகளுக்கு உரியவையாக இருக்க வேண்டும் என 1958இல் அரசு ஆணையிட்டது. மேற்குலக ராக் அண்ட் ரோல் நடனத்திற்கு மாற்றாக 1959இல் 'லிப்சி' என்னும் புதிய நடனம் அறிமுகப்படுத்தப்பட்டது. லைப்சிக் நகரின் இலத்தீன் பெயரிலிருந்து பெயர் பெற்ற அந்நடனம் அரசின் ஆதரவு இருந்தும் இளைஞரிடையே வேரூன்றவில்லை. 1965 அக்டோபரில் இசைக்குழுக்கள் தடைசெய்யப்பட்டதை எதிர்த்து அதே லைப்சிக்கில் திரண்ட இளைஞர்களைக் காவல்துறை கலைத்தது. எவ்வாறு ஆட வேண்டும், எதற்கு ஆட வேண்டும் என்பதை அரசே தீர்மானிக்க முயன்ற நாடு அது.

தடை விருப்பத்தை வளர்த்தது. 1988 ஜூலை 19 அன்று அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் கிழக்கு பெர்லினின் வைசன்ஸே பகுதியில் பாடியபோது ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கூடினர். மேற்கு ஜெர்மானியருக்கு அமெரிக்கா அன்றாடப் பழக்கமாக இருக்க, கிழக்கு ஜெர்மானியருக்கு அது எட்டாத கனியாக இருந்தது. 1989இல் பெர்லின் சுவர் வீழ்ந்தபின் அக்கனி ஒரே நாளில் கடைத்தெருப் பொருளாயிற்று. ராம்ஸ்டைன் குழுவினரின் எள்ளலில் கசப்பும் ஈர்ப்பும் பிரிக்கவியலாதபடி கலந்திருப்பதற்கு இவ்வனுபவம் ஒரு காரணம் எனலாம்.

3. பெயரிலேயே அமைந்த அமெரிக்கா

ராம்ஸ்டைன் குழு 1994இல் பெர்லினில் உருவானது. டில் லிண்டெமான், ரிச்சர்ட் க்ருஸ்பே, பால் லாண்டர்ஸ், ஒலிவர் ரீடல், கிறிஸ்டோஃப் ஷ்னைடர், கிறிஸ்டியன் லோரென்ஸ் ஆகிய அறுவரும் கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்தவர்கள். லாண்டர்ஸும் லோரென்ஸும் முன்னர் இயங்கிய கிழக்கு பெர்லின் பங்க் இசைக்குழுவின் பெயர் 'ஃபீலிங் பி'. சோசலிச அரசின் நிழலில் இயங்கிய குழுவுக்கும் ஆங்கிலப் பெயரே வாய்த்திருந்தது.

'ராம்ஸ்டைன்' என்னும் பெயரும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஜெர்மனியின் ரைன்லாந்து-பலாட்டினேட் மாநிலத்தில் ராம்ஸ்டைன் என்னும் ஊரில் அமெரிக்க விமானப்படைத் தளம் உள்ளது. அங்கு 1988 ஆகஸ்ட் 28 அன்று நடந்த வான்சாகச நிகழ்ச்சியில் இத்தாலிய விமானங்கள் மோதிக்கொண்டதில் 70 பேர் உயிரிழந்தனர். அவ்வூர்ப் பெயரோடு கூடுதலாக ஒரு மெய்யெழுத்தைச் சேர்த்துக் குழு தன் பெயராக்கிக்கொண்டது. 1995இல் வந்த முதல் தொகுப்பில் அவ்விபத்தைப் பற்றிய பாடலும் உண்டு. ஆகவே, ஜெர்மானிய மண்ணில் அமைந்த அமெரிக்க நிலப்பகுதி ஒன்றின் பெயரைத் தாங்கியே இக்குழு பிறந்தது.

குழுவின் உலகப் புகழும் அமெரிக்காவின் வழியே வந்தது. 1997இல் வெளியான டேவிட் லிஞ்சின் 'லாஸ்ட் ஹைவே' திரைப்படத்தில் இவர்களின் இரு பாடல்கள் இடம்பெற்றன. 1998இல் அமெரிக்காவில் 'ஃபேமிலி வேல்யூஸ்' இசைப் பயணத்தில் கார்ன் முதலிய குழுக்களோடு மேடையேறினர். 1999இல் வந்த 'த மேட்ரிக்ஸ்' படத்தின் இசைத்தொகுப்பில் 'டூ ஹாஸ்ட்' பாடல் சேர்ந்தது. ஆங்கிலத்தில் பாடினால்தான் சந்தை கிடைக்கும் என்றிருந்த ஜெர்மானிய மெட்டல் மரபில், ஜெர்மன் மொழியில் பாடிய குழுவை ஹாலிவுட் உலகிற்கு அறிமுகம் செய்தது. அமெரிக்கப் பண்பாட்டுத் தொழிலை எள்ளுவதற்கு முன்பே இக்குழு அத்தொழிலின் பயனைத் துய்த்திருந்தது.

4. நடனம் கற்பிக்கும் குரல்

'அமெரிக்கா' பாடல் 2004 செப்டம்பரில் தனிப்பாடலாகவும், 'ரைஸே, ரைஸே' தொகுப்பின் ஆறாம் பாடலாகவும் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் அமெரிக்கா ஈராக்கின் மீது போர் தொடுத்திருந்தது. ஜெர்மனியின் ஷ்ரோடர் அரசு அப்போரில் பங்கேற்க மறுத்தது. ஆயினும் ஜெர்மனியில் இருந்த அமெரிக்கத் தளங்கள் தொடர்ந்து இயங்கின. போரில் காயமுற்ற அமெரிக்க வீரர்கள் ராம்ஸ்டைனை அடுத்த லாண்ட்ஸ்டூல் படைமருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். பங்கேற்க மறுத்தபடியே பங்கேற்ற இந்நிலை பாடலின் அரசியல் பின்புலமாகும்.

பாடலின் சரணங்கள் ஜெர்மன் மொழியில் அமைந்தவை. அவற்றில் பேசுபவர் ஒரு நடன ஆசான். கூட்டத்தை வழிநடத்துவதே அவர் விருப்பம். தொடக்கத்தில் அக்குரல் கனிவுடன் ஒலிக்கிறது; சரியான அடவுகளைக் காட்டித் தருவதாகவும், தடுமாற்றத்திலிருந்து காப்பதாகவும் உறுதி கூறுகிறது. இரண்டாம் சரணத்தில் அக்கனிவின் உள்ளிருந்து கட்டாயம் வெளிப்படுகிறது. ஆட விரும்பாதவருக்கும் ஆடாதிருக்கும் உரிமை இல்லை. விடுதலை என்னும் கருத்தும் இந்நடனத்திற்குப் பின்னணி இசையாகிவிடுகிறது. செம்பொருள் அங்கதமாக இருந்தால் ஆசானைக் கொடியவராகக் காட்டியிருக்கும். இங்கு ஆசானே தம் வாயால் தம்மைப் புகழ்ந்துகொள்ள, அப்புகழ்ச்சியில் பழி கரந்து நிற்கிறது.

நடனம் என்ற உருவகம் கிழக்கு ஜெர்மானியர் செவியில் இன்னும் ஒரு பொருளைத் தரக்கூடும். லிப்சி நடனத்தைக் கற்பித்த அரசும் தன் மக்களைக் காப்பதாகவே சொல்லிக்கொண்டது. தொகுப்பில் 'அமெரிக்கா'வை அடுத்து ஏழாம் பாடலாக 'மாஸ்கோ' வருகிறது. முன்னதன் பல்லவி ஆங்கிலத்தில் அமைந்திருக்க, பின்னதில் ரஷ்ய மொழிப் பல்லவி ஒலிக்கிறது. பனிப்போரின் இரு தலைமைகளும் அடுத்தடுத்து நிற்க, ஜெர்மன் மொழி இரண்டிற்கும் இடையே சரணமாக அமைகிறது. இவ்வடுக்குமுறையைக் காணாமல் முதற்பாடலை மட்டும் தனித்துக் கேட்பவர், ஆதிக்கம் ஒரு திசையிலிருந்து மட்டுமே வந்ததாகக் கருதக்கூடும்.

5. ஒரு தன்மைப் பன்மையும் மூன்று பொருளும்

பாடலின் பல்லவி, உலகோர் அனைவரும் அமெரிக்காவில்தான் இருக்கிறோம் என்னும் கருத்தைத் தன்மைப் பன்மையில் கூறி, அந்நாட்டைப் புகழும் ஒரு ஜெர்மன் சொல்லோடு முடிகிறது. 'அருமையானது' எனப் பொருள்படும் 'வுண்டர்பார்' என்பதே அச்சொல். பின்னர் அதே இடத்தில், அதே மெட்டில், 'வொண்டர்பிரா' என்னும் உள்ளாடையின் வணிகப்பெயர் ஒலியொப்புமையால் வந்து அமர்கிறது. அவ்விடத்திலேயே போரும் குறிக்கப்படுகிறது. குளிர்பானமும் உள்ளாடையும் போரும் ஒரே ஏற்றுமதிப் பட்டியலில் எடை வேறுபாடின்றி நிற்பதே பல்லவியின் கூர்மை.

இன்னும் கூர்மையானது அதன் தன்மைப் பன்மை. ஆங்கிலமும் ஜெர்மனும் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்லைக் கொண்டவை. தமிழ், முன்னிலையாரை உளப்படுத்தும் 'நாம்' என்பதையும், உளப்படுத்தாத 'நாங்கள்' என்பதையும் வேறுபடுத்துகிறது. இப்பாகுபாட்டின் வழி நோக்கினால் பல்லவிக்கு மூன்று பொருள்கள் தோன்றுகின்றன. முதலாவது, நடன ஆசானின் 'நாம்': கேட்பவரின் இசைவைப் பெறாமலே அவரைத் தன் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் ஆதிக்கக் குரல். இரண்டாவது, ஜெர்மானியரின் 'நாங்கள்': அமெரிக்காவை முன்னிறுத்தி ஐரோப்பியர் தொடுக்கும் முறையீடு. மூன்றாவது, பாடுநரும் கேட்போரும் இணைந்த 'நாம்': இந்நடனத்தில் நாமே விரும்பிக் கால்வைத்தோம் என்னும் ஒப்புதல்.

இப்பல்லவியைத் தமிழில் பெயர்ப்பவர் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டிய நெருக்கடிக்கு உள்ளாகிறார். 'நாங்கள்' எனப் பெயர்த்தால் பாடல் புலம்பலாகும். பழிப்பு வெளிப்பட்டுச் செம்பொருள் அங்கதமாகிவிடும். 'நாம்' எனப் பெயர்த்தால் ஆசானின் குரலும் குற்றத்தை ஒப்புக்கொள்பவரின் குரலும் ஒன்றாகவே நிலைபெறும். தமிழ் வினைமுற்றின் 'ஓம்' விகுதி இரண்டிற்கும் பொதுவாகையால், பெயரை விடுத்து வினையை மட்டும் அமைப்பதும் ஒரு வழி. அவ்வாறு செய்தால் பொருள் மயக்கம் காக்கப்படும். கேட்பவரை நேரே சுட்டும் அழுத்தம் குறையும். பாடலின் அங்கதம் முறையீட்டைக் காட்டிலும் ஒப்புதலிலேயே வலுப்பெறுவதால், 'நாம்' என்பதே பொருத்தமான பெயர்ப்பு என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இந்நிலைப்பாட்டிற்குப் பாடலின் இடைப்பகுதி துணைசெய்கிறது. அங்குப் பாடுநர் தாம் தாய்மொழியில் பாடவில்லை என்பதையும், இது காதல் பாட்டன்று என்பதையும் ஆங்கிலத்திலேயே கூறுகிறார். ஆங்கிலத்தின் ஆதிக்கத்தைக் குறிக்க ஆங்கிலத்தையே நாட வேண்டிய நிலையை, அதை விளக்காமல் செய்துகாட்டும் இடம் இது. பிற பாடல்களில் ஜெர்மன் மொழியை விடாது போற்றிய குழு இங்குப் பிறமொழிக்கு மாறுவதால் அதன் விளைவு பெருகுகிறது.

எதிர்வாதம் ஒன்றையும் கருத வேண்டும். 1998இல் இக்குழு வெளியிட்ட 'ஸ்டிரிப்ட்' காணொளியில், நாஜிக் காலத் திரைப்பட இயக்குநர் லேனி ரீஃபென்ஸ்டாலின் 'ஒலிம்பியா' படக்காட்சிகள் பயன்படுத்தப்பட்டமை கடுங்கண்டனத்திற்கு உள்ளானது. அத்தகைய குழு அமெரிக்காவை எள்ளுவது தேசியவாதப் பெருமிதத்தின் மறுவடிவம் ஆகாதா என்று கேட்கலாம். தேசியவாதம் 'நாங்கள்', 'அவர்கள்' என்ற எல்லைக்கோட்டின்றி இயங்காது. இப்பாடலோ அக்கோட்டையே அழிக்கிறது. தூய ஜெர்மானியம் என ஒன்றைத் திரும்பப் பெறும்படி இது எவ்விடத்தும் அழைக்கவில்லை. பாடுநர் நிற்பதற்கு அவ்வாறான தூய இடம் ஒன்றை அது விட்டுவைக்கவுமில்லை.

6. 'அமெரிக்க'ப் பொருள்களின் பூர்வீகம்

பாடலும் காணொளியும் அமெரிக்க அடையாளங்களாக முன்வைக்கும் பொருள்களின் வரலாற்றைத் தேடினால், அவற்றுட் பல ஜெர்மனிக்கே திரும்புகின்றன. இது பாடலாசிரியரின் உட்கோளா என்பது வேறு வினா. 'நாம்' என்னும் சொல்லின் பொருளை இது விரிவாக்குகிறது.

ஆப்பிரிக்காவுக்குச் செல்பவராகப் பாடல் காட்டும் கிறிஸ்துமஸ் தாத்தாவின் அமெரிக்கத் தோற்றத்தை வடிவமைத்தவர்களுள் முதன்மையானவர் ஓவியர் தாமஸ் நாஸ்ட். 1863 முதல் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' இதழில் அவர் அவ்வுருவைத் தீட்டினார். அவர் 1840இல் பிறந்த ஊர் லாண்டாவ். ராம்ஸ்டைன் தளம் அமைந்துள்ள இன்றைய ரைன்லாந்து-பலாட்டினேட் மாநிலத்திலேயே அவ்வூரும் உள்ளது. பாரிஸின் அருகில் நிற்பதாகப் பாடல் எள்ளும் மிக்கி மவுஸ், 1992இல் அங்குத் திறக்கப்பட்ட டிஸ்னி பூங்காவைச் சுட்டுகிறது. டிஸ்னி நிறுவனத்தின் முதல் முழுநீள இயங்குபடமான 'ஸ்னோ ஒயிட்' கிரிம் சகோதரர் தொகுத்த ஜெர்மானியக் கதையை ஒட்டியது. கலிபோர்னியாவில் 1955இல் எழுந்த டிஸ்னிக் கோட்டைக்குப் பவேரியாவின் நொய்ஷ்வான்ஸ்டைன் அரண்மனை முன்மாதிரிகளுள் ஒன்றாக இருந்தது. ஹாம்பர்கர் தன் பெயரிலேயே ஹாம்பர்க் நகரைச் சுமக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மூலப்பொருள் வரத்து தடைப்பட்டபோது கோக்கா-கோலாவின் ஜெர்மானியக் கிளை உருவாக்கிய பானமே 'ஃபேன்டா'. வொண்டர்பிராவோ கனடாவில் வளர்ந்து புகழ்பெற்ற வணிகப்பெயர்.

இவ்வரிசையில் கனமானது நிலவு. இயக்குநர் ஜோர்ன் ஹைட்மான் உருவாக்கிய காணொளியில் குழுவினர் அப்போலோ விண்வெளி வீரர்களின் உடையில் நிலவின் தரையில் நின்று பாடுகின்றனர். 1969இல் அமெரிக்கரை நிலவுக்குக் கொண்டுசென்ற சாட்டர்ன் 5 ஏவுகலனின் உருவாக்கத்திற்குத் தலைமை தாங்கியவர் வெர்னர் ஃபான் பிரவுன். போர்க்காலத்தில் ஜெர்மனியின் பேனமுண்டேயில் வி-2 ஏவுகணையை உருவாக்கியவரும் அவரே. அவ்வேவுகணைகளைப் படைக்க வதைமுகாம் கைதிகள் அடிமைகளாக உழைத்து மடிந்தனர். அமெரிக்கப் பெருமிதத்தின் உச்சமாகக் கருதப்படும் நிலவுப் பயணத்தின் அடித்தளத்தில் ஜெர்மனியின் இருண்ட வரலாறு கிடக்கிறது. விண்வெளி உடையணிந்த ஜெர்மானியர் அறுவரைக் காணும்போது, ஆதிக்கம் புறத்தே இருந்து வந்தது என்று எளிதில் கூறிவிட இயலவில்லை.

மெட்டல் இசையும் இதற்கு விலக்கன்று. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் புளூஸ் இசை, இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து பிளாக் சபாத் முதலிய குழுக்களின் வழியே கனத்துத் திரிந்து உருவானதே இவ்வடிவம். உலகமயமாக்கலை எள்ளுவதற்கு இவர்கள் எடுத்த கருவியே உலகமயமாக்கலின் விளைபொருளாகும்.

7. காணொளியின் வெற்றியும் வரம்பும்

காணொளியில் நிலவுக் காட்சிகளுக்கு இடையே உலகின் பல பகுதி மக்கள் அமெரிக்கப் பொருள்களை நுகர்வதாகக் காட்சிகள் வருகின்றன. ஆப்பிரிக்கச் சிற்றூர் மக்கள் பீட்சா உண்கின்றனர்; பௌத்தத் துறவியர் பர்கர் உண்கின்றனர். இறுதியில் நிலவுத் தரை ஒரு படப்பிடிப்புத் தளமே என்பது வெளிப்படுகிறது. நிலவுப் பயணம் நாடகம் என்னும் ஆதாரமற்ற வதந்தியை இக்காட்சி விளையாட்டாகக் கையாள்கிறது. நிலவுப் பயணம் நடந்தேறிய உண்மை. காணொளி ஐயுறுவது அப்பயணத்தை அன்று, 'அமெரிக்கா' என உலகம் நம்பும் பிம்பத்தையே. அப்பிம்பத்தைப் படமாக்குபவர்களும் அதில் நடிப்பவர்களும் இங்கு ஜெர்மானியரே என்பதால், பல்லவியின் 'நாம்' காட்சியிலும் உறுதிப்படுகிறது.

எனினும் இக்காணொளிக்கு ஒரு குறை உண்டு. ஜெர்மானியர் பாடுகின்றனர், நடிக்கின்றனர், தம்மையே எள்ளிக்கொள்கின்றனர். ஆப்பிரிக்கரும் துறவியரும் உண்பதற்கு மட்டுமே திரையில் தோன்றுகின்றனர். அவர்களுக்குச் சொல் இல்லை. சிற்றூர் வாழ்வுக்கு முன்னால் பீட்சாவை வைத்தவுடன் நகைப்பு எழும் என்று எதிர்பார்க்கும் காட்சியமைப்பு, அம்மக்கள் மாறாத் தொன்மையில் உறைந்திருக்க வேண்டியவர்கள் என்ற எண்ணத்தைச் சார்ந்திருக்கிறது. ஜெர்மானியர் அமெரிக்க இசையைப் பெற்றுத் தமதாக்கிக்கொண்டதுபோல் பிற சமூகங்களும் பெற்றதை உருமாற்றித் தமதாக்குகின்றன. அவ்வாற்றலைத் தனக்கு அளித்துக்கொண்ட குழு பிறருக்கு அளிக்கத் தவறுகிறது. பல்லவியின் 'நாம்' அனைவரையும் உளப்படுத்த, காட்சிகள் சிலரை 'அவர்கள்' என்றே நிறுத்திவிடுகின்றன.

8. முடிவுரை

'அமெரிக்கா' பாடலைப் பண்பாட்டு ஆதிக்கத்திற்கு எதிரான முழக்கமாக மட்டும் வாசித்தால் அதன் பாதிப் பொருளே கிட்டும். இடித்துரைப்பவர் குற்றத்திற்குப் புறத்தே நிற்பதில்லை என்பதே இப்பாடலின் தனித்தன்மை. தடையின் நடுவே அமெரிக்காவை விரும்பி வளர்ந்து, அமெரிக்கத் தளம் அமைந்த ஊரின் பெயரைச் சூடி, ஹாலிவுட்டின் வழியே புகழ்பெற்றவர்கள் அமெரிக்காவை எள்ளும்போது அவ்வெள்ளல் அவர்கள்மீதும் திரும்புகிறது. 2010 டிசம்பரில் நியூயார்க்கின் மாடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் இக்குழு பாடியதும், அக்குழுவின் அமெரிக்கப் பயண வரலாற்றைக் கூறும் ஆவணப்படம் 2015இல் 'இன் அமெரிக்கா' என்னும் பெயரிலேயே வெளிவந்ததும் இதற்குப் பொருத்தமான பின்னிகழ்வுகள்.

பழிகரப்பு அங்கதத்தில் பழி ஒளிந்திருக்கும் இடம் பெரும்பாலும் புகழ்மொழி. இப்பாடலில் அது ஒரு தன்மைப் பன்மைச் சொல்லில் ஒளிந்திருக்கிறது. 'நாம்', 'நாங்கள்' என்ற பாகுபாட்டை இயல்பாகவே உடைய தமிழ், ஆங்கிலமும் ஜெர்மனும் மூடிவைக்கும் அப்பொருளைத் திறந்து காட்டுகிறது. பிறமொழிப் பாடல்களின் அங்கதத்தை ஆராய்வோர், யார் இகழப்படுகிறார் என்பதோடு, இகழ்பவர் யாரைத் தம்மோடு சேர்த்துக்கொள்கிறார் என்பதையும் வினவுவது பயன்தரும். அவ்வினாவை எழுப்பியதாலேயே இப்பாடலின் வலிமையும் அதன் காணொளியின் குறையும் ஒருங்கே புலப்பட்டன.